அந்த இடம் யாருடையது?

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒவ்வோர் அணியும் இரண்டு கார்களை ஓட்டுகிறது, ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பட்டங்கள் வழங்கப்படுகின்றன. ஓட்டுநருக்கு உரிய பட்டம் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அணிக்கு உரிய பட்டமோ இரண்டு கார்களும் ஈட்டும் புள்ளிகளைக் கூட்டித் தீர்மானிக்கப்படுகிறது, பரிசுப் பணமும் அதன் வரிசையைப் பார்த்தே பிரிக்கப்படுகிறது. ஒரே காரை ஓட்டுகிறவர் அணித்தோழர் ஒருவரே என்பதால், ஓட்டுநரின் திறமையை உலகம் முதலில் அவரோடு வைத்துத்தான் அளக்கிறது. அடுத்த ஒப்பந்தமும் சம்பளமும் அந்த அளவீட்டையே நம்பியிருக்கின்றன. எவரைத் தோற்கடித்தால்தான் தன் பெயர் நிற்குமோ அவரோடு சேர்ந்தே அணியின் நலனைக் காக்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் எதிர்பார்க்கிறார்கள். இந்த முரண் விதிமுறையிலேயே இருக்கிறது. ஆகவே, இருவரில் யார் முன்னால் போக வேண்டும் என்று அணி இடும் உத்தரவை மீறியவரைப் பேராசைக்காரர் என்றும், கீழ்ப்படிந்தவரைத் துணிவற்றவர் என்றும் சொல்லி முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு சம்பவத்திலும் நான் முதலில் கேட்பது, சண்டைக்குக் காரணமான அந்த இடம் ஓட்டுநருக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும், பந்தயத்துக்கு முன் யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதையும்தான்.

இதற்கு இத்தாலியின் இமோலா களத்தை விட்டால் வேறு தொடக்கம் இல்லை. 1982 ஏப்ரல் 25 அன்று நடந்த சான் மரினோ கிராண்ட் ப்ரீயைப் பிரிட்டிஷ் அணிகளில் பெரும்பாலானவை புறக்கணித்ததால் 14 கார்கள் மட்டுமே களமிறங்கின. ரெனோ அணியின் கார்கள் இரண்டும் பழுதாகி நின்றபின், ஃபெராரியின் ஜில் வில்நெவ் முதலிடத்திலும் டிடியே பிரோனி இரண்டாமிடத்திலும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை நெருங்கக்கூடியவர் எவரும் இல்லை. எரிபொருள் போதுமா என்ற கவலையில் இருந்த ஃபெராரியினர், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகையை, கார்கள் டயர் மாற்ற நிற்கும் பிட் பகுதியிலிருந்து காட்டினார்கள். இப்போது இருக்கும் வரிசையிலேயே காரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று வில்நெவ் அதைப் புரிந்துகொண்டார். வேகத்தைக் குறைக்கச் சொன்னார்களே தவிர முந்தக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை என்பது பிரோனியின் வாதம். பிரோனி முந்தினார், வில்நெவ் இடத்தை மீட்டார், மறுபடியும் பிரோனி முந்தினார். வில்நெவ் முன்னால் இருந்தபோதெல்லாம் வேகம் குறைந்தது, பிரோனி முன்னால் வந்தபோதெல்லாம் கூடியது. சுற்று நேரங்களில் தெரியும் இந்த வேறுபாடே வில்நெவ் பலகையை எப்படி மதித்தார் என்பதற்குச் சான்று. கடைசிச் சுற்றில் டோசா வளைவை நெருங்கும்போது, தன் இடம் பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பி உட்பக்கத்தை மூடாமல் வந்த வில்நெவை முந்திச் சென்று பிரோனி வென்றார்.

வில்நெவின் கோபத்தை விளங்கிக்கொள்ள மூன்று ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். 1979 செப்டம்பரில் இத்தாலியின் மோன்ஸாவில் அவருடைய ஃபெராரி அணித்தோழர் ஜோடி ஷெக்டர் வென்றால் உலக சாம்பியன். ஷெக்டரின் காருக்கு அரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் பின்தொடர்ந்த வில்நெவ், கடைசிவரை முந்த முயலவில்லை. பயத்தை அறியாதவர் என்று உலகமே சொன்ன ஓட்டுநர், தனக்கும் பட்டம் கிடைக்கக்கூடிய ஓர் ஆண்டில், ஃபெராரியின் சொந்த மண்ணில், முன்னால் போகும் அணித்தோழரை முந்தக்கூடாது என்ற அணியின் வழக்கத்தை மதித்து இரண்டாமிடத்தில் வந்தார். அவருக்கு இன்னொரு வாய்ப்பு வரவேயில்லை. எழுதி வைக்கப்படாத ஒரு வழக்கத்துக்காகத் தன் பட்டத்தையே விட்டுக்கொடுத்தவரை, அதே வழக்கத்தை நம்பியதால் தோற்கடித்தார்கள் என்பதுதான் இமோலாவின் கொடுமை. பந்தயம் முடிந்த பிறகும் ஃபெராரி குழுவின் பொறுப்பாளர் வில்நெவின் பக்கம் நிற்கவில்லை. சில நாட்களுக்குப் பின்னர்தான் என்சோ ஃபெராரி அவருடைய ஏமாற்றத்தைப் புரிந்துகொள்வதாக அறிக்கை விட்டார். பிரோனியோடு இனிப் பேசப்போவதில்லை என்று அறிவித்திருந்த வில்நெவ், 13 நாட்கள் கழித்து, மே 8 அன்று பெல்ஜியத்தின் ஸோல்டர் களத்தில் நடந்த தகுதிச் சுற்றில், மெதுவாகப் போய்க்கொண்டிருந்த யோஹன் மாஸின் காரில் மோதி உயிரிழந்தார்.

பிரோனியை வில்லனாக்குவது எளிது, பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் அவரைப் பார்த்துவந்தேன். ஆனால் அவருடைய கதையும் அதே ஆண்டிலேயே முடிந்தது. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த அவர், ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் ஹோக்கன்ஹைமில் பந்தயத்துக்கு முந்தைய நாள் மழைக்கிடையே நடந்த ஓட்டத்தில் ஆலன் ப்ரோஸ்டின் கார் மீது மோதி, இரு கால்களும் நொறுங்கி, அதன்பின் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பவேயில்லை. 1987இல் விசைப்படகுப் பந்தயத்தில் அவர் இறந்தபின் பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்கு டிடியே, ஜில் என்று பெயர் வைத்தார்கள். இமோலாவில் பிரோனி தவறு செய்தார் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய தவறு, இரண்டு போட்டியாளர்களை ஒரே களத்தில் இறக்கிவிட்டு, முன்னிலை யாருக்கு என்பதை வாய்திறந்து சொல்லாமல், எப்படி வேண்டுமானாலும் பொருள்கொள்ளக்கூடிய ஒற்றைச் சொல்லைப் பலகையில் எழுதிக் காட்டியவர்களுடையது.

விட்டுக்கொடுத்தல் என்றவுடன் ஃபெராரி ஓட்டுநர் பீட்டர் காலின்ஸை நினைக்காமல் இருக்க முடியாது. 1956 மோன்ஸாவில் அவருக்கு 24 வயது. பட்டம் வெல்லும் வாய்ப்பு அவருக்கும் இருந்தது. அவருடைய அணித்தோழரும் அதுவரை மூன்று முறை சாம்பியனுமான ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ, தன் காரில் கோளாறு ஏற்பட்டுப் பிட்டில் நின்றுகொண்டிருந்தார். காரைப் பகிர்ந்துகொள்ள விதி அனுமதித்த காலம் அது. இன்னொரு அணித்தோழர் லூயிஜி முஸ்ஸோ தன் காரைத் தர மறுத்துவிட்டார். டயர் பார்க்க வந்து நின்ற காலின்ஸோ இறங்கி, தன் காரை ஃபாஞ்சியோவிடம் ஒப்படைத்தார். ஃபாஞ்சியோ நான்காம் முறையாக சாம்பியன் ஆனார். இரண்டு ஆண்டுகளுக்குள் நூர்பர்க்ரிங்கில் காலின்ஸ் இறந்தார், பட்டம் எதுவும் வெல்லாமலே. இந்த நிகழ்ச்சியை அணி விசுவாசத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறவர்கள் முஸ்ஸோவை மறந்துவிடுகிறார்கள். மறுக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தது, அதை அவர் பயன்படுத்தவும் செய்தார் என்பதால்தான் காலின்ஸ் தந்தது கொடையாகிறது.

2002 ஆஸ்திரியாவில் நடந்ததை அந்த வகையில் சேர்க்க முடியாது. முதலிடத்திலிருந்து புறப்பட்டு முன்னணியிலேயே வந்துகொண்டிருந்த ரூபென்ஸ் பாரிக்கெல்லோ, ஃபெராரியின் உத்தரவுப்படி இறுதிக் கோட்டுக்குச் சில மீட்டர்கள் முன்பாக அணித்தோழர் மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். அது ஆண்டின் ஆறாவது பந்தயம். ஷூமாக்கரோ அந்த ஆண்டு ஜூலையிலேயே, இன்னும் ஆறு பந்தயங்கள் மீதமிருக்கும்போதே, பட்டத்தை வென்றுவிட்டார். தேவையே இல்லாத புள்ளிகளுக்காக ஒருவர் உழைத்துப் பெற்ற வெற்றியைப் பறித்தார்கள் என்பதாலேயே பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். முடிவை மாற்றும் அணி உத்தரவுகளுக்கு 2003 முதல் தடை வந்தது. அதனால் உத்தரவுகள் நின்றுவிடவில்லை, மறைமொழிக்கு மாறின. 2010இல் ஹோக்கன்ஹைமில் முன்னிலையில் இருந்த ஃபெராரியின் ஃபெலிப்பே மாஸாவிடம், அணித்தோழர் ஃபெர்னாண்டோ அலோன்ஸோவைக் குறித்து, 'ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார்' என்று ரேடியோவில் சொன்னார்கள். முந்தைய ஆண்டு அதே தேதியில் தலையில் அடிபட்டு உயிர் தப்பியவர் மாஸா. அவர் வழிவிட்டார், ஃபெராரி ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டியது, 2011 முதல் தடையும் நீக்கப்பட்டது. நீக்கியது சரியே என்பது என் கருத்து. வெளிப்படையான உத்தரவை விமர்சிக்க முடியும், மறைமொழி உத்தரவையோ அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று மறுத்துவிடுவார்கள்.

2013 மார்ச் 24 அன்று மலேசியாவின் செபாங்கில் நடந்ததில் மயக்கத்துக்கு இடமே இல்லை. கடைசி டயர் மாற்றத்துக்குப் பிறகு ரெட்புல்லின் மார்க் வெப்பர் முதலிடத்தில் இருந்தார், அணித்தோழர் செபாஸ்டியன் வெட்டல் அடுத்து வந்தார். 2ஆம் எண் கார் முன்னே, 1ஆம் எண் கார் பின்னே என்று பொருள்படும் 'மல்டி 21' என்ற உத்தரவு இருவருக்கும் அனுப்பப்பட்டது. அதை நம்பி வெப்பர் எஞ்சின் விசையைக் குறைத்துக்கொண்டார். வெட்டலோ முழு வேகத்தில் தாக்கி, சுவரோரமாக உரசும் தூரத்தில் போராடி, முந்திச் சென்று வென்றார். முதலில் மன்னிப்புக் கேட்டார். மூன்று வாரங்கள் கழித்துச் சீனாவில், அதே நிலை வந்தால் மறுபடியும் அப்படியே செய்யக்கூடும் என்றும், வெப்பருக்கு அந்த வெற்றி உரியதல்ல என்றும் சொன்னார்.

வெட்டலுக்கும் ஒரு நியாயம் இருந்தது. 2011 சில்வர்ஸ்டோனில் இடைவெளியைக் காக்கும்படி பலமுறை சொல்லியும் கேட்காமல் வெட்டலைத் தாக்கியவர் வெப்பர். 2012 இறுதிப் பந்தயத்தில், வெட்டலின் பட்டம் ஊசலாடிய வேளையில், தொடக்கத்திலேயே அவரை நெருக்கியவரும் அவரே. ஆயினும் சில்வர்ஸ்டோனில் வெப்பரின் மீறலை வெட்டல் கண்ணெதிரே பார்த்து, முழு வேகத்தோடு தடுத்துக்கொள்ள முடிந்தது. செபாங்கில் எதிராளி கையைக் கட்டிக்கொண்டபின் அடி விழுந்தது. வேகமாக ஓட்டுபவர் முந்துவதை நான் என்றும் குறை சொல்லமாட்டேன். எதிராளி அணியின் சொல்லை நம்பி வேகத்தைக் குறைத்திருக்கிறார் என்று தெரிந்தே அவரை முந்துவதை மட்டும் பந்தயமாக என்னால் கருத முடியவில்லை. அதே செபாங்கில், அதே நாளில், மெர்சிடீஸின் நிக்கோ ரோஸ்பெர்க் தன்னால் இன்னும் வேகமாகப் போக முடியும் என்று ரேடியோவில் வாதாடியும் அனுமதி கிடைக்காமல், லூயிஸ் ஹாமில்டனுக்குப் பின்னால் நான்காவதாகவே வந்தார். மூன்றாமிடத்து மேடையில் நின்ற ஹாமில்டன், இங்கே நிற்க வேண்டியவர் நிக்கோ என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அணியிடம் ரோஸ்பெர்க் கேட்டுக்கொண்டார். வெட்டல் அந்த ஆண்டு கடைசி ஒன்பது பந்தயங்களையும் தொடர்ந்து வென்று சாம்பியன் ஆனார், ஆண்டு முடிவில் வெப்பர் ஃபார்முலா ஒன்னை விட்டே விலகினார்.

அண்மைக்காலத்தில் இந்தக் கேள்வியை மிகவும் சிரத்தையோடு கையாள முயன்ற அணி மெக்லாரன். 2024 ஹங்கேரியில் ஆஸ்கர் பியாஸ்ட்ரி முன்னிலையில் இருந்தார். பின்னால் வரும் கார்களிடமிருந்து பாதுகாக்க வேண்டும் என்பதற்காக, இரண்டாவதாக வந்த அணித்தோழர் லேண்டோ நாரிஸை முதலில் டயர் மாற்ற அழைத்தார்கள். புதிய டயரில் வேகம் கூடும் என்பதால், இரண்டு சுற்று கழித்துப் பியாஸ்ட்ரி டயர் மாற்றிவந்தபோது நாரிஸ் முன்னால் போயிருந்தார். இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ரேடியோவில் அணி அவரிடம் கிட்டத்தட்ட மன்றாடியது. 70 சுற்றுகளில் 68ஆவது சுற்றுவரை இழுத்தடித்தபின் நாரிஸ் வழிவிட்டார், பியாஸ்ட்ரி தன் முதல் வெற்றியைப் பெற்றார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நாரிஸின் தயக்கம் புரிந்தது, ஏனென்றால் பட்டத்துக்காக மாக்ஸ் வெர்ஸ்டாப்பனைத் துரத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். ஆனால் அந்த முதலிடத்தை நாரிஸ் எந்த வளைவிலும் வெல்லவில்லை. அழைப்பு வரிசையை மாற்றியதன் மூலம் அணி அவர் கையில் கொடுத்தது அது, கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

2025 செப்டம்பரில் மோன்ஸாவில் வரிசை தலைகீழானது. இம்முறை நாரிஸ் இரண்டாமிடம், பியாஸ்ட்ரி மூன்றாமிடம். பின்னால் இருந்த பியாஸ்ட்ரியை முதலில் டயர் மாற்ற அழைப்பதற்கு, அதனால் தன் இடம் போகக்கூடாது என்ற உறுதியோடு நாரிஸ் ஒப்புக்கொண்டார். பின்னர் நாரிஸ் நின்றபோது ஒரு சக்கரத்தை மாட்டுவதில் தாமதமாகி, பியாஸ்ட்ரி முன்னால் போய்விட்டார். திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது, மெதுவான டயர் மாற்றமும் பந்தயத்தின் ஒரு பகுதிதான் என்று நாம் பேசியிருந்தோமே, இப்போது என்ன மாறிவிட்டது என்று பியாஸ்ட்ரி கேட்டார். கேட்டுவிட்டு வழிவிட்டார். அவர் அப்போது பட்டியலில் நாரிஸைவிட 34 புள்ளிகள் முன்னிலையில் இருந்தவர்.

மெக்லாரனின் முடிவோடு நான் உடன்படவில்லை. அழைப்பு வரிசை மாறியதால் மட்டும் நாரிஸ் இடத்தை இழந்திருந்தால், ஹங்கேரியைப் போலவே அதைத் திருப்பிக் கொடுப்பது கடமை. ஆனால் அவரைப் பின்னுக்குத் தள்ளியது சக்கரத்தில் ஏற்பட்ட தாமதம், அது எந்த ஓட்டுநருக்கும் எந்த வாரமும் நேரக்கூடியது. கொடுத்த உறுதியை, அது சொல்லாத இடத்துக்கும் நீட்டினார்கள். அதன் விலை டிசம்பரில் தெரிந்தது. நாரிஸ் 423 புள்ளிகளோடு சாம்பியன், வெர்ஸ்டாப்பனுக்கு 421, பியாஸ்ட்ரிக்கு 410. இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் இடையே வேறுபாடு மூன்று புள்ளிகள். மற்ற எல்லாம் அப்படியே நடந்து, மோன்ஸாவில் பியாஸ்ட்ரி மட்டும் வழிவிட மறுத்திருந்தால், நாரிஸ் 420இல் நின்று, பட்டம் வெர்ஸ்டாப்பனுக்குப் போயிருக்கும். பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஒருவர், தனக்கு நியாயமாகப் படாத ஓர் உத்தரவுக்குத் தன் எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டுக் கீழ்ப்படிந்ததால், அவருடைய அணித்தோழர் உலக சாம்பியன் ஆனார். இதை மெக்லாரன் தன் கணக்கில் எழுதிவைத்திருக்க வேண்டும்; என்றாவது ஒருநாள் பியாஸ்ட்ரிக்கு நாரிஸின் உதவி தேவைப்படும்போது, அவர் அதைக் கேட்டு வாங்கும் நிலை வரக்கூடாது.