தொழில் என்ற கட்டம்

பிரிட்டனின் கரீபியக் குடியேற்றங்களில் எழுதப்பட்ட அடிமைப் பதிவேடுகளையும், அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது உடைமையாளர்கள் அளித்த இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் படித்துக் கணினி அட்டவணையில் ஏற்றும் பணியில் ஏறத்தாழ ஓராண்டு இருந்தேன். பெயர், வயது, தொழில், குறிப்பு என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். மங்கிய கையெழுத்தை அடையாளம் கண்டு நிரப்பிக்கொண்டே போக வேண்டும். அவற்றுள் தொழில் என்ற கட்டத்தில் நான் தொடர்ந்து ஒரு பிழை செய்துவந்தேன்.

1833ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. விடுதலை பெற்ற ஏறத்தாழ 8 லட்சம் பேருக்கு ஒரு காசும் இல்லை. அந்தப் பணத்தைக் கோரிய தாள்களில் பெண்களின் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பெயருக்குப் பின்னால் 'விதவை' என்றோ 'மணமாகாதவர்' என்றோ மட்டும் எழுதியிருக்கும். ஆண்களுக்கு வணிகர், வழக்கறிஞர், தோட்ட உரிமையாளர் என்று நிரப்பிய நான், பெண்களுக்கு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். விதவை என்பது தொழில் அல்லவே என்பது என் நியாயம். சில வாரங்களுக்குப் பின், சரிபார்க்கும் மேசையில் இருந்த மூத்த அலுவலர் என்னை அழைத்து, "இவர்களுக்கு வீட்டில் உலை எதனால் கொதித்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

விடை அதே தாள்களில்தான் இருந்தது. மணமான பெண்ணின் சொத்து கணவன் கைக்குப் போய்விடும் என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். ஆகவே வசதியுள்ள குடும்பங்கள் மகளின் பங்கைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்தன. தோட்ட வருமானத்திலிருந்து விதவைக்கு ஆண்டுதோறும் இவ்வளவு, மணமாகாத தங்கைக்கு இவ்வளவு என்று உயில்கள் விதித்தன. தீவில் கால் வைக்காமலே அந்தத் தொகையைப் பெற்று வாழ்ந்தவர்கள் பிரிட்டனில் இருந்தார்கள். பார்படாஸின் பிரிட்ஜ்டவுன் போன்ற துறைமுக நகரங்களில் நிலை இன்னும் வெளிப்படையானது: நிலமே இல்லாத பெண்கள், சிலரை மட்டும், பெரும்பாலும் பெண்களையே, உடைமையாக வைத்துக்கொண்டு, துணி வெளுக்கவும் தைக்கவும் கூடையில் பண்டம் விற்கவும் வெளியே அனுப்பி, அவர்கள் கொண்டுவந்து கொடுத்த கூலியில் வாழ்ந்தார்கள். இழப்பீடு கோரியவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள் என்று பின்னர் அறிந்தபோது, நான் வெறுமையாக விட்ட கட்டங்களை எண்ணிப் பார்க்கும் துணிவு வரவில்லை.

பதிவேடுகளில் நிலை தலைகீழ். டிரினிடாடில் 1813இல் தொடங்கிய பதிவில் அடிமைப் பெண்களுக்குத் தொழில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது: வயல் வேலை, சலவை, தையல், சமையல். தச்சு வேலையும் கொல்லர் வேலையும் சர்க்கரை காய்ச்சுவதும் ஆண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதால், கரும்புக்குக் குழி வெட்டி எருச் சுமக்கும் கடுமையான வயல் அணிகளில் பெண்களே மிகுந்திருந்த தோட்டங்கள் ஜமைக்காவில் பல. 1807இல் அடிமை வணிகம் தடைசெய்யப்பட்ட பிறகு, தாயின் நிலையே பிள்ளைக்கும் என்ற விதிப்படி, பிரசவமும் உடைமையாளரின் வரவாயிற்று. பதிவேட்டைப் புதுப்பிக்கும்போது பிறந்த குழந்தையை 'கூடுதல்' என்ற தலைப்பின் கீழ் எழுதினார்கள். அதற்கு எங்கள் அட்டவணையில் கட்டமே இல்லை.

தமக்கென்று ஈட்ட முயன்றவர்களும் உண்டு. பெர்முடாவில் அடிமையாகப் பிறந்த மேரி பிரின்ஸ், ஆண்டிகுவாவில் எசமானர்கள் வெளியூர் சென்றிருந்த நாள்களில் பிறர் துணிகளை வெளுத்தும், கப்பல் தலைவர்களுக்குக் காப்பியும் கிழங்கும் விற்றும் பணம் சேர்த்தார். தம் விடுதலையை விலைக்கு வாங்கக் கேட்டபோது எசமானர் மறுத்துவிட்டார். இதை அவரே 1831இல் லண்டனில் வெளியான தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார்.

பழைய வரிசைகளுக்குத் திரும்பிப் போய்த் திருத்த எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. 'ஆண்டுத்தொகை பெறுபவர்', 'அடிமைகளை வாடகைக்கு விடுபவர்' என்று, தாளில் சான்று இருந்த இடங்களில் மட்டும் நிரப்பினேன். அவற்றுள் ஒன்றில், ஒரு விதவை ஒரே ஒரு பெண்ணுக்காக இழப்பீடு கோரியிருந்தார். அந்தப் பெண்ணுக்குப் பதிவேட்டில் குறித்திருந்த தொழில் சலவை. கூலி விதவைக்கே சேர்ந்தது என்று உடனிருந்த கடிதம் சொல்லியது. விதவையின் கட்டத்திலும் 'சலவைக் கூலி' என்று எழுதிச் சரிபார்ப்புக்கு அனுப்பினேன். அந்த வரிசை திரும்பி வரவில்லை.