அழாத பிள்ளையும் இரண்டு வீண் நடையும்

தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவில் (CARA) பதிந்தது, வீட்டு ஆய்வு, வருஷக்கணக்கில் காத்திருந்தது எல்லாம் தத்தெடுக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த கதைதான். குழந்தையின் விவரம் வந்த 48 மணி நேரத்துக்குள் சரி என்றோம். ஆனி மாதம் 14 மாதப் பெண் குழந்தை கும்பகோணத்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிள்ளை அழவே மாட்டாள். விழுந்தாலும், பசித்தாலும் சத்தம் இல்லை. ராத்திரி விழித்துக்கொண்டால் உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாள். யார் கை நீட்டினாலும் தாவுவாள். "என்ன சமத்து, வேத்துமுகமே பார்க்கலையே" என்று தெருவே மெச்சியது. எனக்கும் பெருமைதான். ஆடிப்பெருக்கன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில், காதோலை கருகமணி விற்ற அம்மா "வாடி தங்கம்" என்று சும்மாதான் கூப்பிட்டார். என் இடுப்பிலிருந்து அவர் இடுப்புக்கு மாறிக்கொண்டாள். அவர் நாலு படி ஏறிப் போனார், இவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

குழந்தை டாக்டர் சிரிக்கவில்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் வரவேண்டிய வேத்துமுகம் இவளுக்கு வரவில்லை என்றார். காப்பகத்தில் ஆயாக்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாறுவார்கள். ஒருவர் கையில் பல பிள்ளைகள். அழுதும் ஆள் வராது என்று கண்டுகொண்ட பிள்ளை அழுவதையே விட்டுவிடுமாம். ருமேனியாவின் புக்காரெஸ்டில் 2000-ஐ ஒட்டி, காப்பகத்துக் குழந்தைகள் 136 பேரில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பல வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் வளர்ப்பவரோடு ஒட்டிக்கொள்வதில் நன்றாகவே தேறினார்களாம். "உங்களுக்கு நேரம் இருக்கு, ஆனா வீணாக்காதீங்க" என்று சொல்லி, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கிற அரசு ஆஸ்பத்திரி ஆரம்ப இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதினார்.

நேரத்தை வீணாக்கியது நானில்லை. முதல் நடை: பதிவு மேசையில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழ் கேட்டார். கலெக்டர் உத்தரவு வந்தால்தானே எங்கள் பெயரில் சான்றிதழ் கிடைக்கும் என்றேன். "அப்ப வந்த பிறகு வாங்க." பிரசவம் எத்தனை மாசத்தில், எடை எவ்வளவு, தாய்க்குச் சர்க்கரை உண்டா என்று அடுக்கினார். தெரியாது, தெரியாது என்று வரிசையில் நின்றவர்கள் முன்னால் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நடை: உத்தரவு வரும்வரை குழந்தையை வளர்க்க நாங்கள் எழுதிக் கொடுத்த முன்தத்துப் பராமரிப்புப் பிரமாணப் பத்திரத்தோடு போனேன். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "இதெல்லாம் இங்க செல்லாதும்மா" என்றார். வெயிலில் பஸ்ஸில் திரும்பும்போது அழுதது நான்தான்.

மூன்றாம் தடவை, மேசை முன்னால் நின்றபடியே தத்தெடுப்பு விஷயங்களையும் கவனிக்கிற மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் சீட்டுப் போட்டார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். என்னத்தைச் சொல்ல!

தத்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் மூன்று நகல் எடுத்து வையுங்கள். பிறந்தபோதைய விவரம் ஏதாவது இருந்தால் அதில்தான் இருக்கும். காப்பகத்தில் என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்குவாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நாங்கள் கேட்கவில்லை. பாட்டில் தவிர எதுவும் பழகாத பிள்ளைக்கு முதல் நாளே பருப்பு சாதம் ஊட்டி வாந்தி எடுக்க வைத்தோம். அவள் போர்த்திய துணி ஒன்றையும் துவைக்காமல் கேட்டு வாங்குங்கள், பழகிய வாசனை அது.

மையத்தில் சொன்ன வைத்தியத்தில் மருந்தே இல்லை. சில மாதம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நாங்கள் இருவர் மட்டும். சின்னதாகச் சிணுங்கினாலும் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். கேட்க எளிது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கூட்டுக்குடும்பத்தில் "பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள்! மாமியார் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "தூக்கித் தூக்கிக் கெடுக்கிறாள்" என்ற பேச்சு வேறு.

பொங்கலுக்கு மன்னார்குடிச் சித்தி வந்தார். வாசலிலேயே கையை நீட்டினார். இவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "என்னடி, பிள்ளையை இப்படி வளர்த்து வச்சிருக்கே" என்று சித்திக்குக் கோபம். நான் பதில் பேசவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரிப்பு வெளியே தெரியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.