ஒரு திரைக்கு 4000 பைட்: மெய்நிகர் கன்சோல் வந்த வழி

லினக்ஸ் கன்சோலில், அதாவது ஜன்னல்கள் இல்லாத வெறும் எழுத்துத் திரையில், ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எஃப்2-ஐத் தட்டினால் புதிதாக ஒரு லாகின் திரை வந்து நிற்கும். மானிட்டரும் கீபோர்டும் அதேதான், பின்னால் இருக்கும் டெர்மினல் (தட்டுவதை வாங்கி, பதிலைக் காட்டும் முனை) மட்டும் வேறு. இதுதான் மெய்நிகர் கன்சோல். இதன் வரலாற்றில் பாதி, வீடியோ கார்டின் மெமரிக் கணக்கு.

பெயர் அதைவிடப் பழையது. ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் ஓடிய சிபி-67, பிறகு 1972-இல் அறிவிக்கப்பட்ட விஎம்/370 என்ற இயக்க முறைமைகள், ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழு மெய்நிகர் இயந்திரத்தையே கொடுத்தன. இயந்திரம் என்றால் அதை இயக்குபவர் கட்டளை தட்டும் ஆபரேட்டர் கன்சோல் வேண்டுமே! பயனர் உட்கார்ந்திருக்கும் டெர்மினலையே அந்தக் கன்சோலாகக் காட்டினார்கள். விஎம்மின் பயனர் பட்டியலான டைரக்டரியில் இருக்கும் 'கன்சோல் 009 3215' என்ற வரி அதற்குத்தான்: 009 சாதன முகவரி, 3215 கன்சோல் தட்டச்சுப்பொறியின் மாடல். ஆனால் அங்கே ஆளுக்கு ஒரு கன்சோல். ஒரே ஆளுக்குப் பல கன்சோல் என்ற தேவை பிசி வந்த பிறகுதான் உறைத்தது. யூனிக்ஸில் இரண்டாவது வேலைக்கு இரண்டாவது டெர்மினலில் போய் உட்காரலாம். நொடிக்கு 10 எழுத்து அடிக்கும் டெலிடைப் மாடல் 33 காலத்திலிருந்து அதுதான் பழக்கம், யூனிக்ஸ் டெர்மினலுக்கு வைத்த டிடிஒய் என்ற பெயரும் டெலிடைப்பிலிருந்து வந்ததுதான். பிசியிலோ இருப்பது ஒரே திரை.

1980களின் தொடக்கத்தில் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் கன்கரன்ட் சிபி/எம்-86 என்ற பிசி இயக்க முறைமை நான்கு கன்சோல்கள் கொடுத்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது விசிமோட் என்ற கட்டளை. பின்னணியில் இருக்கும் கன்சோலில் ஒரு நிரல் எழுதிக்கொண்டே போனால் என்ன செய்வது? 'டைனமிக்' என்றால் பழைய வரிகள் உருண்டு போய்விடும், திரும்பி வரும்போது கடைசித் திரைதான் தெரியும். 'பஃபர்டு' என்றால் வெளியீடு வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பில் சேரும், அதற்கான இடம் நிரம்பினால் நிரல் நிறுத்திவைக்கப்படும். கேள்வியைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

இனி அந்த மெமரிக் கணக்கு. டெக்ஸ்ட் மோடில் ஒரு கட்டத்துக்கு 2 பைட்: ஒன்று எழுத்து, மற்றது நிறம். வரிக்கு 80 கட்டம், 25 வரி: 80 × 25 × 2 = 4000 பைட். மோனோக்ரோம் எம்டிஏ கார்டில் இருந்தது 4 கேபி, ஒரு திரைக்கே சரி. பின்னால் வந்த விஜிஏ கார்டில் டெக்ஸ்டுக்கு 32 கேபி மெமரி ஜன்னல் இருக்கிறது, எட்டுத் திரை கொள்ளும். எந்த இடத்திலிருந்து காட்டுவது என்பதை, கார்டில் திரையை ஓட்டும் பகுதியான சிஆர்டிசியின் தொடக்க முகவரி ரெஜிஸ்டர்கள் இரண்டு முடிவு செய்கின்றன. அவற்றை மாற்றினால் போதும், ஒரு பைட்டைக்கூட நகர்த்தாமல் திரை மாறிவிடும்.

1992 ஜனவரியில் வந்த லினக்ஸ் 0.12 இதைத்தான் செய்தது. பீட்டர் மெக்டொனால்ட் எழுதிய அந்தப் பகுதி, வீடியோ மெமரியை ஒரு திரையின் அளவால் வகுத்து எத்தனை கன்சோல் என்று முடிவு செய்யும், உச்சம் 8. இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே கன்சோலாக இருந்தபோது, ஸ்க்ரோல் செய்ய தொடக்க முகவரியை ஒரு வரி, அதாவது 160 பைட், தள்ளினால் முடிந்தது. எட்டாகப் பிரித்தபின் ஒவ்வொன்றுக்கும் 4096 பைட், மிச்சம் 96. ஒரு வரிகூடக் கொள்ளாது. ஆகவே ஒவ்வொரு ஸ்க்ரோலுக்கும் 24 வரிகள், அதாவது 3840 பைட், நகல் எடுத்தாக வேண்டும். பிற்கால லினக்ஸ் கெர்னல்கள் (இயக்க முறைமையின் மைய நிரல்) ஒவ்வொரு கன்சோலுக்கும் சாதாரண ராமில் ஒரு பஃபர் வைத்து, மாறும்போது மட்டும் திரைக்கு அனுப்புகின்றன. அதன்பின் எண்ணிக்கைக்கு வீடியோ மெமரி தடையில்லை. இன்றைய உச்சம் 63. லினக்ஸ் ஒவ்வொரு சாதனத்துக்கும் மேஜர் (வகை), மைனர் (வரிசை) என்று இரண்டு எண் கொடுக்கும்: மேஜர் எண் 4-இல் மைனர் 0 'இப்போது தெரியும் கன்சோல்', 1 முதல் 63 வரை கன்சோல்கள், 64-இல் சீரியல் போர்ட் தொடங்கிவிடுகிறது.

திரையைப் பிரிப்பதைவிட நிலையைப் பிரிப்பது நுணுக்கமான வேலை. ஒரு நிரல் எஸ்கேப் குறியீட்டை (நிறம், கர்சர் இடம் போன்றவற்றை மாற்றும் எழுத்துத் தொடர்) பாதி அனுப்பியிருக்கும்போது இன்னொரு கன்சோலில் வேறொரு நிரல் எழுதக்கூடும். அதனால் கர்சர் இடம், நிறம், ஸ்க்ரோல் எல்லை, பாதி படித்த குறியீடு, அதன் எண்கள் எல்லாமே கன்சோலுக்குக் கன்சோல் தனியாக இருந்தாக வேண்டும். தவறிப்போய் ஒரு பைனரி கோப்பை 'கேட்' கட்டளையால் திரையில் கொட்டினால் எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக மாறுகிறதே, அது பெரும்பாலும் 14-ஆம் குறியீடு வேறு எழுத்துத் தொகுதிக்கு மாற்றிவிடுவதால். அந்தக் கன்சோல் மட்டுமே கெடும். கண்ணை மூடிக்கொண்டு 'ரீசெட்' என்று தட்டி எண்டர் அடித்தால் சரியாகும். ஆனால் விஜிஏ டெக்ஸ்ட் மோடில் எழுத்துருவை மாற்றினால் எல்லாக் கன்சோலிலும் மாறும், ஏனென்றால் அது இருப்பது கார்டுக்குள்.

கிராஃபிக்ஸ் திரையிலிருந்து கன்சோலுக்கு மாற முடியாமல் மாட்டிக்கொள்வதற்கும் காரணம் உண்டு. கெர்னல் தானாக மாற்றிவிடுவதில்லை. கிராஃபிக்ஸ் நிரலுக்கு ஒரு சிக்னல் அனுப்பி, 'விட்டுவிட்டேன்' என்ற பதிலுக்குக் காத்திருக்கிறது. நிரல் செத்திருந்தால் கெர்னலே எடுத்துக்கொள்ளும். உயிரோடு உறைந்திருந்தால் பதில் வராது, திரையும் மாறாது. முதலில் ஆல்ட் + சிஸ்ஆர்க்யூ (பெரும்பாலும் பிரிண்ட் ஸ்கிரீன் விசை) + ஆர் அடித்து கீபோர்டை மீட்டு, கண்ட்ரோல் + ஆல்ட் + எஃப்2 முயலுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆல்ட் + சிஸ்ஆர்க்யூ + கே. அது அந்தக் கன்சோலில் ஓடும் எல்லாவற்றையும் கொன்றுவிடும், சேமிக்காத வேலை போய்விடும். பல லினக்ஸ் விநியோகங்களில் சிஸ்ஆர்க்யூவின் சில கட்டளைகள் பூட்டப்பட்டிருக்கும். தேவைப்படும் நாளுக்கு முன்பே அதைத் திறந்து வையுங்கள்.