வயல் எலியும் காட்டுப்பூனையும்

வயலில் எலித் தொல்லை தாங்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, உங்கள் பக்கம் காட்டுப்பூனை நடமாட்டம் இருக்கிறதா என்றுதான். பெரும்பாலும் வருகிற பதில், "முன்னாடி இருந்துச்சு, இப்ப கண்ணுலயே படுறதில்ல."

ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் இதன் உணவை ஆராய்ந்தவர்கள், ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகள் வரை தின்னும் என்று 2004-ல் கணக்குச் சொன்னார்கள். குறைந்தபட்சக் கணக்கை எடுத்துக்கொண்டாலே வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வந்துவிடும். எந்த எலிப்பொறி இவ்வளவு பிடிக்கும்?

எகிப்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் இந்தப் பூனைக்கு அடர்ந்த காடு அவ்வளவாகப் பிடிக்காது. ஏரிக்கரை நாணல், புல்வெளி, முட்புதர், கரும்புத் தோட்டம், இவைதான் அதன் இடம். வீட்டுப் பூனையைவிடப் பெரிது, கால்கள் நீளம், உடம்பு மணல் நிறம், காது நுனியில் கொஞ்சம் கறுப்பு முடி. வால் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத குட்டை, நுனிப் பக்கம் கறுப்பு வளையங்கள் இருக்கும்.

வேட்டைக்குக் கண்ணைவிடக் காதைத்தான் அதிகம் நம்புகிறதோ என்று எனக்குத் தோன்றும். வரப்போரம் மெதுவாக நடந்துவந்து சட்டென்று நின்றுவிடும். உடம்பில் ஒரு அசைவும் இருக்காது, காதுகள் மட்டும் முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டே இருக்கும், புல்லுக்கடியில் எலி ஓடுகிற சரசரப்பு எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டதும் அப்படியே எம்பிக் குதித்து முன்னங்கால் இரண்டாலும் அமுக்கிக் கழுத்தைக் கடிக்கும். பறக்க எழுகிற பறவையைக்கூடத் தாவிப் பிடித்துவிடும். நன்றாக நீந்தும், மீனும் பிடிக்கும். முயல், தவளை, ஓணான், பாம்பு எதையும் விடாது.

கோழியையும் விடாது, அதுதான் சிக்கல். ஒரு கோழி போன கோபத்தில் விஷம் வைக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் ராத்திரி கூட்டை ஒழுங்காக அடைத்தாலே தீருகிற விஷயம் இது. எலிக்கு வைக்கும் மருந்தும் எலி வழியாகவே பூனைக்குள் போகும். அப்புறம் சாலை விபத்து, தெருநாய், தூர்க்கப்படும் ஏரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்கிறது.

கரும்பு வெட்டும்போது காய்ந்த தோகைக்குள் குட்டிகள் கிடைத்தால் தயவுசெய்து தூக்கிக்கொண்டு வராதீர்கள். பெரும்பாலும் மூன்று குட்டி இருக்கும். சின்னதில் உடம்பில் கோடுகள் இருப்பதால் சிறுத்தைக்குட்டி என்று நினைத்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். தாய் அவற்றைக் கைவிட்டுப் போகவில்லை, ஆள் சத்தத்தில் பக்கத்தில் எங்கேயோ ஒதுங்கியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கரும்பை விட்டுவிட்டு, நாய் வராமல் பார்த்துக்கொண்டு எல்லோரும் விலகிப்போனால், இருட்டியதும் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். மறுநாள் காலையிலும் குட்டிகள் அங்கேயே கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்துப் பால் ஊற்றி வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், குட்டிக்கும் அதனால் நல்லது எதுவும் இல்லை, வேட்டையாட அதற்குத் தாய்தான் சொல்லித்தர முடியும்.