மூடுல் இலவசம், அதை ஓட்டுவதற்குத்தான் காசு

"சாஃப்ட்வேர் சும்மா கிடைக்குதே, பிறகெதுக்கு வருஷா வருஷம் பணம்?" கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொல்லங்கோடு பக்கத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு, இணையவழிப் பாடம் நடத்தும் மென்பொருளான மூடுலை அமைத்துத் தருபவர் இதற்கு விலைப்புள்ளியிலேயே பதில் எழுதிவிடவேண்டும். நிறுவும் கூலி ஒரு வரி, ஆண்டுப் பராமரிப்பு தனி வரி. நிறுவும் கூலியை மட்டும் நம்பி இறங்கியவர்கள் நஷ்டப்படுவது நிச்சயம்.

மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியாவில் தொடங்கி, 2002இல் முதல் பதிப்பு கண்ட மூடுல் ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்தில் வருகிறது. மாற்றலாம், வேலைக்குக் கூலியும் வாங்கலாம். பெயர் மட்டும் வணிகக்குறி. உங்கள் நிறுவனப் பெயரில் சேர்க்க அனுமதி வேண்டும். மூடுல் நிறுவனமே பங்காளி நிறுவனங்கள் தரும் பங்கிலும் மூடுலைத் தானே ஓட்டித் தரும் மூடுல்கிளவுட் சேவையின் சந்தாவிலும் பிழைக்கிறது. இதேபோன்ற இன்னொரு மென்பொருளான கேன்வாஸுக்கு ஏஜிபிஎல் உரிமம்: மாற்றிய நிரலை வலையில் ஓட்டினாலே அதன் மூலநிரலைப் பயனருக்குத் தரவேண்டும்.

பராமரிப்பு என்றால் என்ன? பின்னணி வேலைகளைத் தானாகச் செய்யும் கிரான் நிமிடத்துக்கொரு முறை ஓடவேண்டும். நின்றால் மின்னஞ்சல் போகாது, பாடம் முடித்த கணக்கு ஏறாது. ஆசிரியர் மென்பொருளைத்தான் திட்டுவார். தரவுத்தளத்தை மட்டும் பேக்கப் எடுத்தால், மீட்கும்போது பாடத்தின் பெயர் இருக்கும், பிடிஎஃப் இருக்காது. கோப்புகள் மூடுல்டேட்டா கோப்புறையில் இருப்பதே காரணம். அதை, உலாவியில் யாரும் நேராகத் திறக்கமுடியாதபடி, வலைக் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை இன்னொரு சர்வரில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்புக்குக் காசு வாங்குவது நியாயமில்லை.

மொத்த மாணவர் எண்ணிக்கையை வைத்து விலை சொல்லாதீர்கள். ஒரு ஜிபி ராமுக்கு ஒரே நேரத்தில் 10 முதல் 20 பேர் என்பது தோராயக் கணக்கு. 300 பேர் படித்தாலும் ஒரு நேரத்தில் 40 பேர் தேர்வெழுதினால் 4 ஜிபி போதும். 300 பேருக்கும் காலை 10 மணிக்கே தேர்வு திறந்தால் சர்வர் படுத்துவிடும். வகுப்புவாரியாக நேரத்தைப் பிரிக்கச் சொல்லி, அதை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். மூடுல் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் அமைப்பில், ஒரு படிவத்தில் எத்தனை புலங்களை ஏற்கலாம் என்று சொல்லும் மேக்ஸ் இன்புட் வார்ஸ் (max_input_vars) அளவை 5000 ஆக்காவிட்டால் பெரிய மதிப்பெண் பட்டியலைச் சேமிக்கும்போது பாதி காணாமல் போகும்.

கேரளத்தில் ஜூனில் பள்ளி திறக்கும். பதிப்பு மாற்றத்தை ஏப்ரல், மே விடுமுறையில் முடித்து, ஆண்டுக் கட்டணத்தையும் அப்போதே வாங்குங்கள். நீண்டகால ஆதரவுள்ள மூடுல் 4.5 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் அக்டோபர் 2027 வரை உண்டு. டொமைனும் சர்வர் கணக்கும் பள்ளியின் பெயரிலேயே இருக்கட்டும்.

தமிழும் மலையாளமும் சேர்ந்த பள்ளிகளில் பயனர் தேர்ந்த மொழியை மட்டும் காட்டும் பன்மொழி வடிகட்டியை உள்ளடக்கத்துக்கு மட்டுமின்றித் தலைப்புகளுக்கும் இயக்கவேண்டும். மறந்தால் பாடத்தலைப்பில் இரண்டு மொழியும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

உண்மையான உழைப்பு சான்றிதழில்தான். மூடுலில் பிடிஎஃப் உருவாக்கும் நிரல்தொகுப்பு தமிழ் எழுத்தையும் அதன் குறிகளையும் சரியாகச் சேர்த்து உருவமைக்காது. 'செல்வி'யின் கொம்பு ச-வுக்குப் பின்னால் விழும். சான்றிதழை வலைப்பக்கமாக அமைத்து, குரோமியம் உலாவி வழியாகப் பிடிஎஃப் ஆக்குங்கள். இதற்குத் தனிக் கட்டணம் கேட்கத் தயங்கவேண்டாம். ஒப்படைக்கும் முன் செல்வம், கோமதி, சௌந்தர்யா என்று மூன்று பெயரிலாவது அச்சிட்டுப் பாருங்கள்.