அப்பாவின் காது மிஷின்

2024 ஜனவரி 6, சனி

மாடி வீட்டு அக்கா கறிவேப்பிலை வாங்க வந்தவர், மெதுவாகக் கேட்டார்: "வீட்டுல ஏதும் சண்டையா?" சண்டை ஒன்றுமில்லை. துண்டு எங்கே என்று அப்பா அம்மாவிடம் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் 31 வருடம் சைடர் வேலை, நூற்கும் மிஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை. ரிங் ஃபிரேம் என்கிற அந்த மிஷின் ஓடும்போது காதில் கத்தினால்தான் கேட்கும். அந்தத் தொண்டையோடு ரிடையர் ஆகிவிட்டார் என்றே நினைத்திருந்தோம். கொஞ்ச நாளாக 'பஸ்' வேறு 'பஷ்' ஆகிவிட்டது. அதற்குப் பல்செட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 10, புதன்

பல்செட்டின் மேல் தப்பில்லையாம். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் வரைபடத்தைக் காட்டினார். தாழ்ந்த சுருதியில், 500 ஹெர்ட்ஸ் வரை, கோடு 30 டெசிபெல் பக்கம் ஒழுங்காகப் போகிறது. டெசிபெல் கூடினால், அவ்வளவு சத்தம் இருந்தால்தான் கேட்கும் என்று அர்த்தம். உயர்ந்த சுருதியில், 4000-இல், சறுக்கு மரம் மாதிரி 70-க்கு இறங்கிவிட்டது. 'ஸ' சத்தத்தின் பெரும்பகுதி அந்தச் சுருதியிலும் அதற்கு மேலும்தான் இருக்கிறதாம். அப்பாவுக்கு அடுத்தவர் சொல்லும் 'ஸ' மட்டுமல்ல, தான் சொல்வதும் சரியாகக் கேட்பதில்லை. கேட்டுக் கேட்டுத்தான் நாக்கு தன்னைத் திருத்திக்கொள்கிறது. சத்தமும் அப்படித்தான், தன் குரல் தனக்கு எட்டவில்லை என்றால் கூட்டிக்கொண்டே போவோம்.

இரைச்சலில் யாருக்கும் குரல் தானாக ஏறும் என்று 1911-இலேயே லொம்பார் என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதியிருக்கிறார். மில்லில் அது. இப்போது இரைச்சல் இல்லை, காதும் இல்லை.

கிளம்புமுன் அப்பாவைச் சொல்லச் சொல்லிப் போனில் ஒரு வரி பதிவு செய்தேன்: "சங்கரன்கோவில் பஸ் சாயந்தரம் ஆறு மணிக்கு."

ஜனவரி 20, சனி

மிஷின் வந்தது. அப்பாவின் முதல் வார்த்தை: "குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசற மாதிரி இருக்கும்மா."

காதுக்குள் பொருத்தும் அச்சு, மோல்டு, காதை அடைத்துவிடுகிறது. எலும்பு வழியாக வரும் சொந்தக் குரல் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே முழங்குகிறது. முறுக்கைக் கடித்தவர் திடுக்கிட்டுக் கீழே வைத்தார். பயத்தில் குரலை அப்படியே இறக்கிவிட்டார். "என்னது? சத்தமாச் சொல்லுங்க" என்றாள் அம்மா. அவர்களுக்குக் கல்யாணமாகி 42 வருடம், அவள் இப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

ஜனவரி 27, சனி

மோல்டில் இருந்த காற்றுத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். ரொம்பப் பெரிதாக்கினால் மிஷின் விசிலடிக்கும். குடம் போய்விட்டது.

பிப்ரவரி 8, வியாழன்

மதியம் பார்த்தால் மிஷின் டப்பாவில் இருக்கிறது. "தனியா இருக்கறப்ப யார்கிட்டம்மா பேசறது?" நியாயம்தான். ஆனால் நாள் முழுக்கப் போட்டால்தான் மூளை பழகுமாம். பேப்பரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். கண்ணீர் அஞ்சலியில்தான் ஆரம்பிக்கிறார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

அதே வரியை மறுபடி பதிவு செய்தேன். முதல் தடவை போனை எவ்வளவு தூரத்தில் பிடித்தேன் என்று நினைவில்லை. அதனால் சத்தத்தைப் போனை வைத்து ஒப்பிட முடியாது. மாடி வீட்டு அக்கா இப்போது விசாரிப்பதில்லை, அதையே கணக்கில் வைத்துக்கொள்கிறேன். 'பஸ்' இன்னும் முழுதாக வரவில்லை. ஸ-வுக்கும் ஷ-வுக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது. 'சாயந்தரம்' மட்டும் சுத்தமாக இருக்கிறது. பல வருடம் பழகிய நாக்கு ஐந்து வாரத்தில் திரும்பிவிடும் என்று நான் எதிர்பார்த்ததுதான் பேராசை.

மார்ச் 3, ஞாயிறு

காலையில் அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து ஒரு முழக்கம்: "அந்த ஆரஞ்சு ஸ்டிக்கர் அட்டை எங்கம்மா?"

பேட்டரி தீர்ந்துவிட்டது. அட்டையை எடுத்துக் கொடுத்தேன். புது பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிரித்துவிட்டு, காற்றுப் பட்டால்தான் அது வேலை செய்யும் என்பதால் ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு போட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்து, "ரொம்பக் கத்திட்டேனா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.