மாட்டேனா, வேண்டாமா

என் ஷெட்டுக்கு வந்தது 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. “பின் ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்” என்று வேறொரு ஷெட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்ஜினின் கிராங்க் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் வளையம்தான் பின் சீல். அப்படிச் சொன்னதில் தப்பில்லை. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. எண்ணெய் மேலிருந்து இறங்கும், ஓடும்போது அடிக்கிற காற்று அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் எந்த விளிம்பு தாழ்வாக இருக்கிறதோ அங்கே வந்து துளியாக நிற்கும். அதனால் கீழே பார்த்துவிட்டு விலை சொல்லக்கூடாது. நனைந்திருக்கிற இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எது எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிறதோ அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜினில், பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் உட்கார்ந்திருக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டிலிருந்துதான் அதற்கு ஓட்டம். அதன் கழுத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உண்டு. வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து அது பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். வெட்டு முகத்தைப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையாக இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பினால் வளையாமல் ஒடிந்து வரும். அது விட்ட எண்ணெய் ஹெட்டின் ஓரமாக இறங்கி, பிளாக்கைத் தொட்டு, நேராக பெல் ஹவுசிங் மேல் வந்து விழும். கீழே படுத்துப் பார்க்கிறவருக்கு அது அசல் பின் சீல் ஒழுகலாகவே தெரியும்.

அதனால் முதலில் கழுவச் சொன்னேன். ஒழுகல் வேலையில் பாதி கழுவுவதுதான். மண்ணெண்ணெயோ டீசலோ பிரஷ்ஷில் தொட்டு மேலிருந்து கீழாகத் தேய்த்து, தண்ணீர் அடித்து, காற்றில் முழுக்கக் காயவைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டர் வாயையும் பாலிதீன் பையால் கட்டிவிட்டுத் தண்ணீர் அடிக்கவேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகாமல் இன்னொரு வேலை வரும். காய்ந்த பிறகு சந்தேகமான இணைப்புகளில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால் வெள்ளையில் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். கோட்டின் மேல் முனைதான் குற்றவாளி. அதிலும் தெரியவில்லையென்றால் எண்ணெயில் சாயம் கலந்து புற ஊதா விளக்கு அடித்துப் பார்க்கலாம். சொட்டு எந்தப் பாகத்துக்கு நேர் கீழே என்பதற்கு, ராத்திரி வண்டிக்கடியில் அட்டையை விரித்து, முன் சக்கரம் இரண்டும் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வைத்தால் காலையில் கணக்குப் போட்டுவிடலாம்.

எந்தத் திரவம் என்பதை விரல் சொல்லிவிடும். என்ஜின் எண்ணெய் கறுப்பு, கருகல் வாசம். கியர் எண்ணெய் கெட்டி, கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். கூலண்ட் பச்சையோ சிவப்போ, இனிப்பு வாசம், காய்ந்தால் ஓரத்தில் உப்புப் பூத்தது போல் கறை. ஏசியிலிருந்து வருவது வெறும் தண்ணீர், அதற்கு யாரும் பயப்பட வேண்டாம். பிரேக் ஆயில் மெல்லிசு, வழுவழுப்பு, பெயிண்ட்டில் பட்டால் பெயிண்ட் உரிந்து வரும்.

கழுவி ஓட்டியதும் கோடு டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்திலிருந்து இறங்கியிருந்தது. இதைக் கழற்றுமுன் பாடியும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரு கீறல், உள்ளே சுற்றும் ரோட்டர் எந்தத் திசை என்று இன்னொரு குறி. அதன் கியர் பல் சாய்வாக வெட்டப்பட்டது என்பதால் வெளியே வரும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும், திரும்பி நின்ற இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அது வெளியே இருக்கும்வரை என்ஜினை யாரும் சுற்றிவிடக்கூடாது. புது ஓ-ரிங்கில் துளி என்ஜின் எண்ணெய் தடவினால் போதும். அனபாண்ட் பேஸ்ட் பூசுகிற பழக்கம் வேண்டாம், ஓ-ரிங் அமுங்கித்தான் அடைக்க வேண்டும், பேஸ்ட் அதை வழுக்கி வெளியே தள்ளிவிடும். பிறகு தீப்பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று டைமிங் லைட் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

பிரீதர் குழாயையும் பார்க்கவேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்ஜினுக்குள் உண்டாகும் காற்றழுத்தம் வெளியேற வழியில்லையென்றால் அது எந்த சீலையும் பேக்கிங்கையும் தள்ளிக்கொண்டுதான் வரும். ஐடிலில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அந்தத் துளையின் மேல் ஒரு தாளை வையுங்கள். படபடவென்று எகிறினால், ஒன்று பிரீதர் அடைப்பு, இல்லை பிஸ்டன் ரிங் தேய்வு. அதைச் சரிசெய்யாமல் மாட்டும் புது சீல் சீக்கிரமே மறுபடி நனையும். இந்த வண்டியில் குழாய்க்குள் கரி அடைந்து பென்சில் நுழையாத அளவு இருந்தது. என்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கும் மாற்றியாகிவிட்டது. அதன் போல்ட்டை பலம் கொண்டு இறுக்கினால் தகடு வளைந்து நடுவில் தூக்கிக்கொள்ளும், கையில் குட்டை ஸ்பேனர் பிடித்து ரப்பர் அமுங்கும்வரை போதும்.

இவ்வளவும் செய்து, கழுவி, மறுபடி அட்டை விரித்தோம். நாலில் மூன்று பங்கு நின்றுவிட்டது. ஆனால் பெல் ஹவுசிங் அடித்துளையில் ராத்திரிக்கு ஒரு துளி மிச்சம். விரலில் தொட்டால் கந்தக நெடி இல்லை, ஆகவே கியர் எண்ணெயை அடைக்கும் இன்புட் சீல் காரணமில்லை. பின் சீலும் மெதுவாகக் கசிகிறது.

வண்டிக்குச் சொந்தக்காரரான சாருக்கு எழுபது தாண்டிய வயது. மாதம் ஒருமுறை திருச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு மகள் வீட்டுக்குத் தானே ஓட்டிப்போகிறவர். “ஒரு துளிதான் சார், கியர்பாக்ஸ் இறக்கத் தேவையில்லை, எண்ணெய்க் குச்சியைப் பார்த்துக்கோங்க” என்றேன். அவர் துளைக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“செய்ய மாட்டேன்னு சொல்றீங்களா தம்பி, வேண்டாம்னு சொல்றீங்களா?”

“வேண்டாம்னுதான் சார்.”

“அது நான் சொல்லவேண்டியது இல்லையா?”

என் கணக்கு இது. இருபது முப்பது துளி சேர்ந்தால்தான் ஒரு மில்லி. ராத்திரிக்கு ஒரு துளி என்றால் மாதத்துக்கு ஒன்றிரண்டு மில்லி. ஓடும்போது அதைவிடக் கூடுதலாகப் போகும் என்று வைத்தாலும், குச்சியில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே சின்ன கார்களில் பெரும்பாலும் முக்கால் லிட்டருக்குக் குறையாது. வாரம் ஒருமுறை பார்த்தால் ஆபத்து இல்லை. மறுபக்கம், கியர்பாக்ஸ் இறக்க வேண்டுமென்றால் சக்கரங்களுக்குப் போகும் இரண்டு டிரைவ் ஷாஃப்டும் உருவவேண்டும், மவுண்டிங் கழற்றவேண்டும், இருபத்தைந்து வருஷ போல்ட்டில் எது ஒடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிராங்க்கில் பழைய சீல் உதடு தேய்த்த பள்ளம் இருந்தால் புது சீலும் அதே இடத்தில் உட்கார்ந்து அதே மாதிரி கசியும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி அடிக்கவேண்டும், உதட்டில் எண்ணெய் தடவி, சுற்றிலும் சமமாக மரக்கட்டை வைத்துத் தட்டவேண்டும். இதையெல்லாம் விளக்கினேன். விளக்கியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

சில மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி. வேறிடத்தில் கியர்பாக்ஸ் இறக்கிவிட்டார். கிளட்ச் பிளேட் ஓரத்தில் எண்ணெய் ஈரம் இருந்ததாம். “சும்மா தகவலுக்காக” என்று முடித்திருந்தார்.

அந்த ஈரம் பின் சீல் விட்டதா, அதற்குமுன் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஊற்றிய எண்ணெய் ஹவுசிங் தகட்டு இடுக்கு வழியே உள்ளே புகுந்ததா? இரண்டும் ஒரே எண்ணெய். பிளேட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது, பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க முடியுமா தெரியவில்லை. என் கையில் இருந்தபோது வண்டியை நாலாவது கியரில் ஏற்றத்தில் மிதித்துப் பார்த்தேன். என்ஜின் மட்டும் இரைந்து வண்டி பின்தங்கவில்லை, கருகல் வாடையும் இல்லை. கிளட்ச் வழுக்காதவரை காத்திருக்கலாம் என்பது தொழிலில் பலரும் சொல்வது. ஆனால் வழுக்க ஆரம்பிப்பது கோவில்பட்டி தாண்டி ராத்திரியில் என்றால், வண்டிக்குள் இருக்கப்போகிறவர் அவர்தான்.

இன்னொன்று உறுத்துகிறது. பிரேக் ஆயில் கசிந்தால் நான் யாரையும் கேட்பதில்லை. பின் சக்கரத்தின் உள்பக்கம் பேக் பிளேட் அடியில் ஈரம், பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரைத் தூக்கினால் உள்ளே திரவம் தேங்கியிருக்கிறது என்றால் சாவி என்னிடம்தான் இருக்கும். கேனில் ஊற்றி நிரப்பி அனுப்புவது கிடையாது. சிலிண்டர் மாற்றி, நனைந்த லைனிங்கை இரண்டு பின் சக்கரத்திலும் ஜோடியாக மாற்றி, தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி பிரேக் குழாயில் ஏர் எடுத்து, பெடல் கல் மாதிரி நின்ற பிறகுதான் வண்டி வெளியே போகும். அதற்கு யாரும் “அது நான் சொல்லவேண்டியது” என்றதில்லை. அங்கே அவர் சார்பில் முடிவெடுப்பது சரி, இங்கே தப்பு என்றால் கோடு எங்கே விழுகிறது? உயிர் போகிற விஷயம், பணம் போகிற விஷயம் என்று பிரிக்கலாம். எழுபது வயதுக்காரர் தனியாக நெடுஞ்சாலையில் நிற்பது இதில் எந்தப் பக்கம்?

அவர் கேட்டபோதே இறக்கியிருந்தால் அவருக்குச் செலவு, எனக்கு வரும்படி. வேண்டாம் என்றதில் எனக்கு லாபம் எதுவும் இல்லை. இதை நியாயமாக நினைத்துக்கொள்கிறேன், பிறகு அவர் என்னிடம் லாப நஷ்டம் கேட்கவில்லையே என்றும் தோன்றுகிறது. இப்போது இப்படி மிச்சக் கசிவோடு வண்டி நின்றால் கிளட்ச் பிளேட் விலை, சீல் விலை, கூலி, போல்ட் ஒடிந்தால் ஆகக்கூடியது எல்லாவற்றையும் தாளில் எழுதி, எவ்வளவு தூரம், எந்த நேரத்தில் ஓட்டுவீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கிறேன். பெரும்பாலானவர்கள் தாளைப் படிப்பதில்லை. “நீங்க என்ன சொல்றீங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.